மூன்று கட்டளைகளில் முதலாவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் வரும் கணினித் தொடரின் சென்ற பகுதியை ஆவலுடன் படித்தேன். யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் எழுத்துகளைத் திருத்தும் எடிட்டர் ஒன்றை ஆயத்தப் பொதியாக நிறுவிக்கொள்ளாமல், அதன் மூலநிரலைத் தரவிறக்கி நாமே கம்பைல் செய்துகொள்வது, அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்று அக்கட்டுரை எளிமையாக விளக்கியிருந்தது. மாணவர்கள் ஒருமுறையேனும் தம் கையால் செய்து பார்க்க வேண்டிய வேலை இது. இதைத் தமிழில் எழுத முன்வந்த கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆயினும், கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று சோதிக்கும் கன்ஃபிகர், நிரலைக் கட்டும் மேக், அதை நிறுவும் மேக் இன்ஸ்டால் ஆகிய மூன்று கட்டளைகளில் முதலாவதை அவர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். திரையில் நிறைய வரிகள் ஓடும், அவற்றைப் பொருட்படுத்தத் தேவையில்லை, ஓடி முடியும்வரை காத்திருந்தால் போதும் என்பது அவ்வாக்கியத்தின் சாரம். பல்லாண்டுகள் யூனிக்ஸ் கணினிகளை நிர்வகித்தவன் என்ற முறையில், அந்த வேலை முழுவதிலும் நாம் உட்கார்ந்து படித்தாக வேண்டியவை அந்த வரிகள்தாம் என்பதை எடுத்துச்சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எழுத்துகளைத் திருத்தும் ஒரு நிரலுக்கு இப்படியொரு விசாரணைக் கட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, 1980களின் நிலைமையைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். யூனிக்ஸ் என்ற ஒரே பெயரின் கீழ் அன்று பல இயங்குதளங்கள் இருந்தன. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் ஒரு வழியிலும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி வேறு வழியிலும் சென்றன. கணினி உற்பத்தியாளர்கள் இவ்விரண்டிலிருந்தும் தமக்கு வேண்டியதை எடுத்துக் கலந்து தத்தம் பதிப்புகளை வெளியிட்டார்கள். எழுத்துச்சரத்துக்குள் ஓர் எழுத்தைத் தேடும் செயற்கூறுக்குப் பெர்க்லியில் இண்டெக்ஸ் என்று பெயர், மற்றதில் எஸ்டிஆர்-சிஹெச்ஆர் என்று பெயர். பயனர் ஒரு விசையை அழுத்திய உடனே, அவர் என்டர் தட்டும்வரை காத்திராமல், அந்த எழுத்தை எடிட்டர் பெற்றாக வேண்டும். அதற்காக முனையத்தின், அதாவது பயனரின் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த அமைப்பின், இயல்பை மாற்றும் முறையும் பெர்க்லியில் ஒன்றாக, சிஸ்டம் ஃபைவில் இன்னொன்றாக இருந்து, எல்லா யூனிக்ஸ்களுக்கும் பொதுவாக 1988இல் வெளியான போசிக்ஸ் தரத்தில் மூன்றாவது ஒன்றாக வரையறுக்கப்பட்டது. கணக்குப் போட்டு விடையை அச்சிடும் நிரலுக்கு இந்த வேறுபாடுகளில் பல கண்ணில் படுவதே இல்லை. எடிட்டரோ முனையம், விசைப்பலகை, கோப்பு முறைமை, சிக்னல் என்று இயங்குதளத்தின் எல்லா மூலைகளையும் தொடுகிறது. ஆகவே எல்லா வேறுபாடுகளும் அதன் தலையில் விடிந்தன.

இவற்றுள் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய யூனிக்ஸ் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 14 எழுத்துகளுக்கு மேல் போக முடியாது, பெர்க்லியின் 4.2 பதிப்பு அதை 255 வரை நீட்டித்தது. பழைய முறைமையில் 15 எழுத்துப் பெயரைக் கொடுத்தால் பிழை என்று அது சொல்லாது; கடைசி எழுத்தைச் சத்தமின்றி வெட்டிவிட்டு மீதியை ஏற்றுக்கொள்ளும். இப்போது, கோப்பைத் திருத்துவதற்கு முன் அதே பெயரின் இறுதியில் ஒரு குறியைச் சேர்த்துக் காப்புப்படி எழுதும் எடிட்டரை எண்ணிப் பாருங்கள். சரியாக 14 எழுத்துள்ள பெயரில் அந்தக் குறி வெட்டுப்பட்டுப் போகும். காப்புப்படியின் பெயரும் மூலக்கோப்பின் பெயரும் ஒன்றாகிவிடும். காப்பதற்காக எழுதப்படும் படி, காக்க வேண்டிய கோப்பின் மேலேயே போய் விழும். மூலநிரலில் ஒரு பிழையும் இல்லை, கம்பைலரும் ஒரு குறையும் சொல்லவில்லை, ஆனால் பயனரின் உழைப்பு போயிற்று. இந்த ஆபத்தைத் தவிர்க்க நல்ல வழி, எடிட்டரைக் கட்டுவதற்கு முன்பே அந்தக் கணினியில் நீண்ட பெயருள்ள கோப்பு ஒன்றை உண்மையிலேயே உருவாக்கி, பெயர் முழுதாக நிற்கிறதா என்று பார்த்துவிடுவதுதான். கன்ஃபிகர் ஸ்கிரிப்டை, அதாவது அக்கட்டளைத் தொகுப்பை, உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் என்னும் கருவியில் இந்தச் சோதனைக்கென்றே ஓர் ஆயத்தக் கட்டளை இருக்கிறது.

அக்கருவி வருவதற்கு முன் இந்தச் சுமை பயனரின் தோளில் இருந்தது. 1985இல் வெளிவந்த க்னூ ஈமாக்ஸ் எடிட்டரின் தொடக்கப் பதிப்புகளில், இயந்திர வகைக்கு ஒரு கோப்பு, இயங்குதள வகைக்கு ஒரு கோப்பு என்று வரையறைகள் அடங்கிய பல தலைப்புக் கோப்புகள் இருக்கும். நம்முடையது எதுவென்று கண்டுபிடித்து அவற்றின் பெயர்களைக் கன்ஃபிக் கோப்பில் நாமே எழுத வேண்டும். மைக்ரோ ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் இயங்குதளங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். நம்முடையதற்கு எதிரே ஒன்று, மற்றவற்றுக்கு எதிரே பூஜ்யம் என்று இட வேண்டும். சிஸ்டம் ஃபைவ் என்று சொல்லிக்கொண்டு பெர்க்லியின் பாதியை உள்ளே வைத்திருந்த கணினிகளில் எதற்கு ஒன்று இடுவது என்பதே பெரும் குழப்பம். பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் தம் நிரல்களுடன் சேர்த்து வழங்கிய ஸ்கிரிப்ட் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குத் தானே விடை கண்டது. 1991இல் டேவிட் மெக்கென்சி எழுதத் தொடங்கிய ஆட்டோகான்ஃப், அத்தகைய ஸ்கிரிப்டுகளை உருவாக்கித் தரும் கருவியாக வளர்ந்தது. இயங்குதளத்தின் பெயரைக் கேட்டு, அதைக்கொண்டு மற்றவற்றை ஊகிக்கும் பழக்கத்தை அது கைவிட்டது. குறிப்பிட்ட செயற்கூறு இருக்கிறதா, இருந்தால் சரியாக நடந்துகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தே முடிவு செய்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் சொல்லி வருவதை அப்படியே ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி வைத்ததைப் போன்றதுதான் அது.

விம் எடிட்டரை எடுத்துக்கொள்வோம். பிராம் மூலினார் 1991இல் முதன்முதலாக வெளியிட்டு, 2023இல் மறையும்வரை பராமரித்து வந்த இந்த எடிட்டரின் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போது திரையில் தோன்றும் வரிகளில் பல, சி மொழியில் எழுதிய சிறு சோதனை நிரல்களின் விடைகள். ஸ்கிரிப்ட் சில வரிகளில் ஒரு நிரலை எழுதுகிறது, கம்பைலரிடம் கொடுக்கிறது, தேவைப்பட்டால் ஓட்டியும் பார்க்கிறது, கிடைத்த விடையைக் குறித்துக்கொண்டு அந்த நிரலை அழித்துவிடுகிறது. முனையத்தின் விவரங்களைப் பெற்றுத்தரும் டி-கெட்-என்ட் என்ற செயற்கூறைத் தேடி, டி-இன்ஃபோ, என்கர்சஸ், டெர்ம்லிப், டெர்ம்கேப், கர்சஸ் என்று லைப்ரரிகளை (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்புகளை) வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. கிடைத்த பிறகும் விடுவதில்லை. உலகில் இல்லாத ஒரு முனையத்தின் பெயரைக் கொடுத்து, அதற்கு அச்செயற்கூறு பூஜ்யத்தைத் திருப்புகிறதா வேறெதையேனும் திருப்புகிறதா என்று பார்க்கிறது, ஏனெனில் இதில் எல்லா யூனிக்ஸ்களும் ஒத்துப்போனதில்லை. நினைவகத்தின் ஒரு பகுதியை, அதனோடு மேற்கவியும் இன்னொரு பகுதிக்கு நகர்த்தினால் எழுத்துகள் சிதையாமல் வருகின்றனவா என்று சோதிக்கிறது; ஒரு வரியின் நடுவே ஓர் எழுத்தை நாம் தட்டும்போது எடிட்டர் உள்ளே செய்வது பெரும்பாலும் இந்த நகர்த்தல்தான். வேறொரு வகைக் கணினிக்காக இங்கே கம்பைல் செய்யும்போது இச்சோதனை நிரல்களை ஓட்டிப் பார்க்க வழியில்லை. அப்போது விம்மின் ஸ்கிரிப்ட் ஊகிக்காமல் நின்றுவிடுகிறது, இந்த விடையை நீங்களே கொடுங்கள் என்று கேட்கிறது. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் ஸ்கிரிப்ட் எல்லா இடங்களிலும் நிற்பதில்லை என்பதே நான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. முனைய லைப்ரரி கிடைக்காவிட்டால் அது நின்றுவிடும், எதை நிறுவ வேண்டும் என்றும் சொல்லும். யூனிக்ஸில் சாளரங்களையும் அவற்றுக்கிடையே நகலெடுத்து ஒட்டுவதையும் கவனிக்கும் எக்ஸ் விண்டோ முறைமையின் தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலோ, இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். மேக் கட்டளையும் பிழையின்றி முடியும், எடிட்டரும் திறக்கும். ஒரு வாரம் கழித்து, உலாவியில் நகலெடுத்த வரியை எடிட்டரில் ஒட்ட முயன்று, அது ஒட்டாதபோதுதான் பயனர் விழிப்பார். எடிட்டரின் மேல் பழி போடுவார். அந்த எடிட்டரிடம் அதன் பதிப்பு விவரத்தைக் கேட்டால், தன்னுள் அடங்கிய வசதிகளுக்கு முன் கூட்டல் குறியும் விடுபட்டவற்றுக்கு முன் கழித்தல் குறியும் இட்டு முழுப் பட்டியலைத் தரும். கிளிப்போர்டு என்ற சொல்லுக்கு முன் கழித்தல் இருப்பதை அங்கே காணலாம். நாம் வெளிப்படையாகக் கேட்ட வசதி கிடைக்காவிட்டால் நின்றுவிடு என்று ஆணையிடும் ஒரு தெரிவும் விம்மின் கன்ஃபிகரில் இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால்தான் செய்யும். தமிழில் எழுதுவோருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். கொ என்ற எழுத்து யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் இரண்டு குறியீடுகள், ஆறு பைட்டுகள். பல பைட் எழுத்துகளுக்கான தெரிவு இல்லாமல் கட்டப்பட்ட பழைய விம்மில் அந்த ஓரெழுத்து ஆறு துண்டுகளாகச் சிதறித் தெரியும். பிற்காலப் பதிப்புகளில் அந்த வசதி நீக்க முடியாத பகுதியாகவே ஆக்கப்பட்டுவிட்டது என்பது நமக்கு நல்ல செய்தி.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். பல ஆண்டுகளுக்கு முன், நான் பொறுப்பேற்றிருந்த ஒரு யூனிக்ஸ் கணினியில், நெருக்கடி நேரத்திலும் நல்ல எடிட்டர் கைவசம் இருக்க வேண்டும் என்று எண்ணி, விம்மை மூலநிரலிலிருந்து கட்டி, வட்டின் மூலப் பகிர்விலேயே (root partition) உள்ள பின் (/bin) அடைவில் நிறுவினேன். யூஎஸ்ஆர் (/usr) அடைவு தனிப் பகிர்வில் இருந்தது. அது இணைக்கப்படாத வேளையிலும் இந்த எடிட்டர் இயங்கும் என்பது என் கணக்கு. கன்ஃபிகர் ஓடியபோது நான் திரையைப் பார்க்கவில்லை. சில மாதங்களில் மின்தடையால் கணினி திடீரென நின்று, யூஎஸ்ஆர் பகிர்வு சேதமுற்று, மறுபடி தொடங்கியபோது பழுதுபார்ப்பதற்கான ஒற்றைப் பயனர் நிலையிலேயே நின்றது. அப்பகிர்வைச் சரிபார்த்து முடிக்கும்வரை அதை இணைக்கக் கூடாது. ஆகவே, பகிர்வுகளின் பட்டியல் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியை மட்டும் முடக்கி வைக்க வேண்டியிருந்தது. நம்பிக்கையுடன் எடிட்டரை அழைத்தேன். என்கர்சஸ் லைப்ரரியைக் காணவில்லை என்ற ஒரு வரியுடன் அது திறக்க மறுத்தது. கன்ஃபிகர் அந்த லைப்ரரியை யூஎஸ்ஆர் லோக்கல் அடைவிலிருந்து எடுத்திருந்தது. நான் நெருக்கடிக்கென்று வைத்த எடிட்டர், நெருக்கடியில் காணாமற்போகும் பகிர்வையே நம்பியிருந்தது. எந்த லைப்ரரியை எடுக்கிறேன் என்று அந்த ஸ்கிரிப்ட் அன்றே ஒரு வரியில் சொல்லியிருந்தது.

அன்று கைகொடுத்தது, கென் தாம்ப்சன் 1969இல் எழுதிய ஈடி என்னும் வரி எடிட்டரின் வழிவந்த சிறு நிரல். திரையே தேவைப்படாத அந்த எடிட்டரில், வரியைத் தேடி, அதன் முன் அதை முடக்கும் ஒரு விளக்கக்குறியைச் சேர்த்து, எழுது என்று சொன்னேன். பதிலாகக் கோப்பின் பைட் எண்ணிக்கையை மட்டும் காட்டியது. அந்த எண்ணைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு, லைப்ரரிகளையெல்லாம் தன்னுள்ளேயே அடக்கிய நிலையான இணைப்பாக எடிட்டரை மறுபடியும் கட்டி, எல்டிடி கட்டளையால் அது வெளியே எதையும் நாடவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் நிறுவினேன். விம் சில முனையங்களின் விவரங்களைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், முனைய விவரத் தொகுப்பு எட்டாத நேரத்திலும் அது ஓரளவு ஒழுங்காக இயங்கும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

விடைகளைப் படிப்பது எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். திரையில் ஓடுவது சுருக்கம் மட்டுமே. முழு விவரமும் கன்ஃபிக்.லாக் என்ற கோப்பில் இருக்கிறது. தோல்வியுற்ற சோதனை ஒவ்வொன்றுக்கும், கம்பைலர் எந்தக் கட்டளையுடன் அழைக்கப்பட்டது, அது என்ன பிழை சொன்னது, சோதனை நிரல் என்ன என்பதெல்லாம் அதில் வரிக்கு வரி பதிவாகியிருக்கும். இல்லை என்ற விடைக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை அங்கேதான் அறிய முடியும்: தேடியது உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது இருந்தும் சோதனை நிரல் வேறு ஏதோ காரணத்தால் கம்பைல் ஆகாமல் போயிருக்கலாம். மேலும், விம்மின் ஸ்கிரிப்ட் தன் விடைகளை ஒரு தற்காலிகக் கோப்பில் சேமித்து வைத்து, மறுமுறை ஓடும்போது அவற்றையே எடுத்துக்கொள்ளும். விடுபட்ட லைப்ரரியை நிறுவிவிட்டு மறுபடியும் கன்ஃபிகர் செய்யும் மாணவர், பழைய இல்லை என்ற விடையையே காண நேர்வது இதனால்தான். அந்தக் கோப்பை அழித்துவிட்டோ, மேக் டிஸ்ட்க்ளீன் கட்டளையால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டோ தொடங்க வேண்டும். இதை அறியாமல் மாலை முழுவதையும் தொலைத்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இல்லை என்ற விடையின் இரண்டாவது பொருளைத் தீய நோக்கத்துடன் பயன்படுத்திய ஒரு நிகழ்ச்சி அண்மையில் நடந்திருக்கிறது. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார்; தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்குச் சுமார் அரை விநாடி கூடுதலாகப் பிடித்ததே அவருடைய ஐயத்துக்குக் காரணம். அந்த நச்சுநிரலை எழுப்பிவிடும் வரிகள் பொதுவில் உள்ள மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டப்பட்ட தொகுப்பின் கன்ஃபிகர் பகுதியில் ஒளிந்திருந்தன. அதே நிரலின் மற்றொரு கட்டமைப்புக் கோப்பில், லேண்ட்லாக் என்னும் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலுக்குள் ஒரேயொரு புள்ளி வேண்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் ஒருபோதும் கம்பைல் ஆகாது. ஆகவே விடை எப்போதும் இல்லை என்றே வரும். பாதுகாப்பு வசதி யாருக்கும் தெரியாமல் விடுபட்டுவிடும். ஓடும் வரிகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வந்திருப்பது இத்தகையோருக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

கட்டுரையில் இன்னொரு திருத்தமும் தேவை. மூன்று கட்டளைகளையும் தலைமைப் பயனராக நுழைந்து இயக்கும்படி அதில் கூறப்பட்டிருந்தது. கன்ஃபிகர் என்பது யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஷெல் ஸ்கிரிப்ட். அதைச் சாதாரணப் பயனராகவே இயக்கலாம், அப்படித்தான் இயக்க வேண்டும். மேக் கட்டளைக்கும் இது பொருந்தும். நிறுவும் கட்டத்துக்குக்கூட அந்த அதிகாரம் எப்போதும் தேவை என்பதில்லை. நிறுவும் இடத்தைக் குறிக்கும் ப்ரிஃபிக்ஸ் என்ற தெரிவில் தம் முகப்பு அடைவைக் கொடுத்தால், மாணவர் தமக்கென்று ஓர் எடிட்டரை அங்கேயே நிறுவிக்கொள்ளலாம், பொதுக் கணினியில் மற்றவர்களின் எடிட்டருக்கு ஒரு தீங்கும் வராது. ஒன்றும் சொல்லாவிட்டால் விம் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குப் போகும். இயங்குதளம் தானே நிறுவியுள்ள எடிட்டரின் மேல் இதை எழுதிவிடாமல் இருக்க, யூஎஸ்ஆர் என்ற அடைவை மட்டும் ப்ரிஃபிக்ஸாகக் கொடுக்க வேண்டாம் என்று மாணவர்களுக்கு எச்சரிக்கை தருவது நல்லது.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில், விம்மின் மூலநிரல் அடைவிலுள்ள, மேக் கட்டளை படிக்கும் கோப்பான மேக்ஃபைலை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்ந்துகொள்ளக்கூடிய தெரிவுகள் ஒவ்வொன்றும் அதில் விளக்கத்துடன் எழுதப்பட்டு, முன்னால் விளக்கக்குறி இட்டு முடக்கப்பட்டிருக்கும்; வேண்டிய வரியின் முன்னுள்ள குறியை நீக்கினால் அத்தெரிவு நடைமுறைக்கு வரும். ஒரு மாணவர் அக்கோப்பை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தால், தம் எடிட்டர் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்பதை வேறெந்தப் பாடப்பகுதியையும்விடத் தெளிவாக அறிந்துகொள்வார். கன்ஃபிகரை ஓட்டி, அதன் விடைகளை ஒரு கோப்பில் பிடித்து வைத்து, இல்லை என்று முடியும் வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கன்ஃபிக்.லாக்கில் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சியையும் அதனுடன் சேர்த்துத் தந்தால் மிகவும் பயனுள்ளதாக இருக்கும். மூன்று கட்டளைகளையும் ஒரே வரியில் கோத்து அச்சிட்ட பெட்டிச் செய்தியை மறுபதிப்பில் தவிர்த்து, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே நின்று படிக்க ஓர் இடைவெளி விடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
யூனிக்ஸ் கணினி நிர்வாகி (பணி ஓய்வு)